கேள்வி யாருடையது?

எங்க தெருவுல மந்திரம் தெரியாத ஆள் கிடையாது. கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறை மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, திருச்சபைக் கட்டளை எல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகள் ஐம்பத்து மூன்று மணி செபமாலையை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடிப்பார்கள். அப்படிப்பட்ட சனங்களுக்குத்தான் போன வருசம் தவக்காலத்துக்கு முன்னால் பங்குக் கோவிலில் அறிவிப்பு வாசித்தார்கள். வயது வந்தோருக்கான மறைக்கல்வி, ஆறு வாரம், புதன்கிழமை இரவு ஏழரை மணி, தெருவுக்கு ஒரு வகுப்பு.

எங்க தெருவுக்கு நடத்த என்னைப் போட்டார்கள். நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி வாத்தியார். உபதேசியார் மகன். பங்குப் பேரவையில் சேரித் தெருவுக்கென்று ஒதுக்கிய இரண்டு நாற்காலியில் ஒன்று என்னுடையது. அதனால் என்னை நம்பினார்கள். நம்பினது தப்பாகப் போனது. அந்த வகுப்பு நாலாவது வாரம் நிறுத்தப்பட்டது. ஏன் நிறுத்தினார்கள், நிறுத்தியது சரியா, வயது வந்தவனுக்கு ஒரு பங்கு என்னத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறது என்பதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பேர், சாமியார் பேர் எழுதப் போவதில்லை. எழுதினால் அது ஒரு ஊரின் குற்றமாகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதியை நான் தரத் தயாரில்லை.

1

முதல் நாள் இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள். கையில் கொடுத்த புத்தகம் கேள்வி பதில் வடிவத்தில் இருந்தது. முதல் கேள்வி, திருச்சபை என்றால் என்ன. பதில், அது இறைமக்களின் ஒரே குடும்பம். நான் கேள்வியை வாசித்தேன். அவர்கள் பதிலைச் சொன்னார்கள். மூன்று தடவை சொல்ல வைத்தேன். வாத்தியார் புத்தி.

நாலாவது தடவைக்கு முன்னால் ஒரு பெரியம்மா கையைத் தூக்கினார். எழுபது தாண்டியவர். நடவுக்கும் களைக்கும் போய் முதுகு வில்லாக வளைந்தவர்.

"ஏந் தம்பி, ஒரே குடும்பம்ங்கிற. அப்ப எங்கிட்ட ஏன் வரி வாங்க மாட்டேங்கிறாங்க?"

வெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. வரி வாங்கினால்தானே சண்டை, வாங்காவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். கோவில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஊர்த் தெருவில் வீடு வீடாகப் போய் வசூலிப்பார்கள். எங்க தெருவுக்கு வரமாட்டார்கள். நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். "காணிக்கையா உண்டியல்ல போடுங்கப்பா" என்பார்கள். உண்டியலில் போட்டால் அது பக்தி. வரியாகக் கொடுத்தால் அது உரிமை. வரி கொடுத்தவன் தெருவுக்குத் தேர் வர வேண்டும். வரி கொடுத்தவன் கணக்குக் கேட்பான். வரி கொடுத்தவன் வீட்டுச் சாவுக்குக் கோவில் மணி அடிக்க வேண்டும், பொதுத் தூம்பா வர வேண்டும். அத்தனையும் அந்த ஒரு ரசீதுக்குள் இருக்கிறது. அதனால்தான் எங்க காசு உண்டியலுக்கு மட்டும் ஆகும், ரசீதுப் புத்தகத்துக்கு ஆகாது.

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டினார். களையெடுத்த கூலி. "இந்தா இருக்கு. வாங்கச் சொல்லு. ஒரே குடும்பந்தான்னு நானும் சொல்றேன்."

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்வி அதில் இல்லை.

2

கேள்வி பதில் வடிவம் எங்க தெருவுக்குப் புதிதல்ல. தமிழில் அச்சடித்த முதல் புத்தகமே ஞான உபதேசப் புத்தகம்தான். 1578-ல் அண்டிறீக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம். பதினாறு பக்கம். தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டு முதன்முதலாகத் தாளில் இறங்கியது எளிய சனங்களுக்கு விசுவாசத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான். இது பெருமைதான். ஓலைச்சுவடியைத் தொடக்கூட விடாத நாட்டில் இது சின்ன விசயமில்லை.

ஆனால் அந்த நாளிலிருந்து கேள்வி கேட்கிறவர் ஒருவர், பதில் சொல்கிறவர் இன்னொருவர். பதிலைக் கையில் வைத்திருப்பவர்தான் கேள்வி கேட்பார். பதில் தெரியாதவனுக்குத்தானே கேள்வி இருக்க வேண்டும்? இங்கே தலைகீழ். நானூறு வருசத்துக்கு மேலாக நாம் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறோம். ஒரு கேள்விகூட நம்முடையதில்லை.

புத்தகம் ஒரு பாடம் சொன்னது. கோவில் கட்டிடம் இன்னொரு பாடம் சொன்னது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, சைவ உணவு உண்டு, மேல்சாதிக்காரருக்கு வேதம் சொன்னார். அவர் எங்க தாத்தன்மாரோடு நெருங்கிப் பழகினால் அவருடைய சீடர்கள் ஓடிவிடுவார்கள். ஆகவே 1640 வாக்கில் மதுரை மிசனில் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். மேலே உள்ளவனுக்கு ஒரு சாமியார், கீழே உள்ளவனுக்கு ஒரு சாமியார். சத்தியம் ஒன்றே என்று சொல்ல வந்தவர்கள் அதைச் சொல்ல இரண்டு வகை ஆட்களை வைத்துக்கொண்டார்கள். கேட்டால் அந்தக் காலத்துச் சூழ்நிலை என்கிறார்கள். சரி, சூழ்நிலை. அந்தச் சூழ்நிலை எந்த வருசம் முடிந்தது?

வடக்கன்குளம் கோவிலை 1872-ல் எப்படிக் கட்டினார்கள் என்று தெரியுமா? இரண்டு கை பிரிந்து நீள்கிற மாதிரி இரண்டு மண்டபம். சாதிக்கு ஒன்று. இரண்டும் பீடத்தில் போய்ச் சேரும். நடுவில் சுவர். ஒருத்தர் முகம் இன்னொருத்தர் பார்க்க வேண்டாம், ஆண்டவர் முகத்தை மட்டும் இரண்டு பேரும் பார்த்தால் போதும். கொத்தனார் கணக்குப் போட்டுக் கட்டிய தீண்டாமை அது. 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். இடித்ததற்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போனார்கள். நல்லா கவனியுங்க. பூசையில் சமாதானம் சொல்லிக் கொண்டவர்கள்தான் சுவருக்காக வக்கீல் வைத்தார்கள்.

இதுதான் நான் சொல்ல வருவது. ஒரு பங்கில் வயது வந்தவனுக்குக் கல்வி தருவது புத்தகமல்ல, வகுப்புமல்ல. பங்கே அந்தக் கல்வி. எவன் எங்கே உட்காருகிறான், எவன் வரி செல்லும், தேர் எந்த முக்கில் திரும்புகிறது, பெரிய வியாழன் அன்று பாதம் கழுவப் பன்னிரண்டு பேரை எங்கிருந்து எடுக்கிறார்கள், அதில் எங்க தெரு ஆள் எந்த நாற்காலியில் இருக்கிறான், செத்தவனை எந்தப் பாதையில் தூக்குகிறார்கள், எந்தக் குழியில் வைக்கிறார்கள். இதை ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு சாவிலும் கண்ணால் படிக்கிறோம். பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஊர்த் தெருப் பிள்ளை தான் மேலே என்று படிக்கிறது. எங்க பிள்ளை தான் கீழே என்று படிக்கிறது. இரண்டு பேரும் இந்தப் பாடத்தில் தேர்ச்சி. பிறகு ஆறு வாரப் புதன்கிழமையை வைத்துக்கொண்டு இதை அழிக்க முடியுமா? அழிக்க நினைத்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

3

எங்க அப்பா உபதேசியார். முப்பத்து நாலு வருசம். பங்குச்சாமி மாதத்துக்கு ஒரு தடவை கிளைக் கிராமத்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கோவில் எங்கப்பாதான். மணி அடிப்பார், மாலைச் செபம் சொல்லுவார், சாகக் கிடக்கிறவன் காதில் செபம் ஓதுவார், பிறந்த பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் தானே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவார்.

கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பொண்ணும் சாமியார் முன்னால் மந்திரம் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காவிட்டால் ஓலை இல்லை, கல்யாணம் இல்லை. பகலெல்லாம் அண்டை வெட்டிவிட்டு வந்த பையன் ராத்திரி எங்க திண்ணையில் உட்கார்ந்து சின்னக் குறிப்பிடத்தை முணுமுணுத்துக் கொண்டே தூங்கி விழுவான். எங்கப்பா ஒரு சொம்புத் தண்ணி கொடுத்து, "மூஞ்சியக் கழுவிட்டு வாடா, பாவம் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கு" என்பார். அடிக்க மாட்டார். அர்த்தமும் சொல்ல மாட்டார். அவருக்கே சொல்லிக் கொடுக்கப்படவில்லை. அதுதான் அந்தக் காலத்து முதியோர் மறைக்கல்வி. பரீட்சையில் தோற்றால் பெண் கிடைக்காது. இதைவிடக் கடுமையான பல்கலைக்கழகம் உலகத்தில் உண்டா?

1987-ல் அப்பா செத்தார். பங்குக் கோவில் கொட்டகையில் தூம்பா வண்டி இருந்தது. போய்க் கேட்டேன். சக்கரம் உடைஞ்சிருக்கு என்றார்கள். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பு வழியாக ஆற்றோரக் கல்லறைக்குப் போனோம். ஊர்த் தெரு வழியாகப் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. நாங்களே திரும்பிவிட்டோம். அந்த அளவுக்குப் பாடம் மனப்பாடம். எட்டு நாள் கழித்து ஊர்த் தெருவில் ஒரு சாவு. சக்கரம் நல்லா ஓடியது.

முப்பத்து நாலு வருசம் மற்றவனுக்கு மோட்சப் பாதை சொல்லிக் கொடுத்த மனுசனுக்கு அரை மைல் பாதை இல்லை. இதை நான் இரண்டாவது வாரம் வகுப்பில் சொன்னேன். புத்தகத்தில் அன்றைக்குப் பாடம் உத்தரிக்கிற ஸ்தலம்.

4

முதியோர் கல்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் சண்டை போடுகிறேன். திருச்சபையே சொல்கிறது. 1971-ல் ரோமிலிருந்து வந்த மறைக்கல்விக் கையேடு வயது வந்தோருக்கான மறைக்கல்வியே முதன்மையானது என்றது. 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் அதையே திரும்பச் சொன்னார். ஏன் முதன்மை? பொறுப்பெடுத்து வாழ்கிறவர்கள் பெரியவர்கள்தான் என்பதால். ரொம்பச் சரி. ஆனால் பொறுப்பு என்றால் முடிவு எடுப்பது. முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்காமல் பொறுப்பைப் பற்றி வகுப்பு மட்டும் எடுத்தால் அது பெரியவர்களைப் பிள்ளைகளாக்குகிற வேலை.

பாவ்லோ ஃபிரெய்ரேயை நம்ம ஆட்கள் நிறையப் பேர் படித்திருப்பீர்கள். அவரும் கத்தோலிக்கர்தான். 1963-ல் பிரேசிலின் வடகிழக்கில் ஆன்ஜிகோஸ் என்ற ஊரில் முந்நூறு பேர் அளவில் உழைக்கிற சனங்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். வேறு புத்தகத்திலிருந்து சொல் எடுத்து வரவில்லை. அவர்கள் வாயில் புழங்குகிற சொல்லை எடுத்தார். செங்கல் என்ற சொல். செங்கல் என்று எழுதத் தெரிந்தவன் அடுத்து என்ன கேட்பான்? நான் அறுத்த செங்கல், ஏன் எனக்கு வீடு இல்லை என்று கேட்பான். 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவரைச் சிறையில் போட்டதும், அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்ததும் இதனால்தான். எழுத்துக்காக யாரும் யாரையும் சிறையில் போடுவதில்லை. கேள்விக்காகத்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம்ம ஊரிலேயே அறிவொளி வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் விட்டார்களே, அந்தக் காலம். எங்க தெருவிலும் தெருவிளக்கு அடியில் வகுப்பு நடந்தது. நானும் தொண்டனாக இருந்தேன். பட்டா என்ற சொல்லை எழுதிப் பழகிய அன்றைக்கு ஒரு ஆயா, "எழுத்து வந்துருச்சு, பட்டா எப்ப வரும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த மாதம் தாலுகா ஆபீசுக்கு நாற்பது பேர் நடந்தோம். அரசாங்கத்து வகுப்பில் கேட்க முடிந்த கேள்வியை ஆண்டவர் வீட்டு வகுப்பில் கேட்க முடியாதா?

அம்பேத்கர் கல்வியைத் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. கிளர்ச்சியையும் ஒன்றுசேர்வதையும் அதோடு சேர்த்துக் கட்டினார். இதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சர்க்கரை தடவிக் கொடுத்தால் அதற்குப் பேர்தான் ஆறு வார வகுப்பு.

5

அன்பியம் பற்றி ஒரு வார்த்தை. லத்தீன் அமெரிக்காவில் ஏழைகள் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் கூலியையும் நிலத்தையும் பேசிய அடிப்படைச் சமூகங்கள், நம்ம ஊருக்கு வந்தபோது அன்பியம் ஆயின. அழகான பேர். முப்பது நாற்பது குடும்பம், வாரம் ஒரு வீடு, வாசகம், பகிர்வு, முடிவில் சுண்டல், தேத்தண்ணி. பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள், பேசுவார்கள். இதையெல்லாம் நான் மதிக்கிறேன்.

ஆனால் எப்படிப் பிரித்தார்கள்? தெரு வாரியாக. தெரு எப்படிப் பிரிந்தது? சாதி வாரியாக. அப்புறம் அன்பியம் எப்படி இருக்கும்? பழைய சேரிக்குப் புனிதர் பேர் வைத்தது போலத்தான் இருக்கும். ஊர்த் தெருவுக்கு ஒரு புனிதர், எங்களுக்கு ஒரு புனிதர். வாரம் ஒரு வீடு என்ற சுற்று எங்க தெரு முக்குக்கு வந்ததும் நின்று திரும்பிவிடும். அவர்கள் வீட்டில் நாங்கள் ஒரு தடவை செபம் சொன்னதில்லை. எங்க வீட்டுச் சுண்டலை அவர்கள் ஒரு தடவை தின்றதில்லை. அப்பம் பிட்டதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கமும் பகிர்வு நடக்கும்.

இந்தப் பட்டியலை எழுதியவன் யார் தெரியுமா? நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கூப்பிட்டார்கள். தெரு வாரியாக எழுது வாத்தியாரே என்றார்கள். எழுதினேன். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் கல்லூரியில் படிக்கிற ஒரு பொண்ணு கேட்டது. "பெரியப்பா, பேரவையில நம்ம தெருவுக்கு ரெண்டு பேரு இருக்கீங்க. பதினஞ்சு வருசமா என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" அறுபது பேர் முன்னால். நான் பதில் சொல்லவில்லை. டீக்கும் திருவிழா நோட்டீசில் பேர் வந்ததுக்கும் என்று எப்படிச் சொல்வது?

நாலாவது வாரம் வந்த கேள்வி அதைவிடப் பெரிய அடி. எங்க தெருவுக்கும் பின்னால், வாய்க்கால் ஓரம், ஆறு அருந்ததியர் வீடு இருக்கிறது. அவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். அதில் ஒரு அம்மா எழுந்து நின்று கேட்டார். "ஊர்த் தெருக்காரங்க உங்க வீட்டுக்கு வரலன்னு பேசறீங்க. எங்க வீட்டுல என்னிக்காவது அன்பியம் வச்சீங்களா அண்ணே?"

அன்று இரவு ஒருவரும் பேசவில்லை. வாசகமும் வாசிக்கவில்லை. ஆனால் அறுபது வருசத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான மறைக்கல்வி அந்தப் பத்து நிமிட மௌனம்தான். நம்ம மேல் மிதிக்கிற காலை எண்ணுகிற நாம், நம்ம காலுக்குக் கீழே யார் என்று குனிந்து பார்த்ததில்லை. தலித் என்று பேர் வைத்துக்கொண்டால் மட்டும் சாதி போய்விடுமா? இதை இந்தப் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

அடுத்த வாரமே வாய்க்கால் ஓரத்தில் கூட்டம் வைப்பது என்று முடிவெடுத்தோம். அதற்குள் வகுப்பு நிறுத்தம் என்று ஆள் வந்தது.

6

பங்குச்சாமி நல்ல மனுசர்தான். என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்துத்தான் பேசினார். அவர் சொன்ன நியாயங்களை வரிசையாக எழுதுகிறேன். எல்லாப் பங்கிலும் இதே நியாயங்கள்தான்.

முதலாவது. மறைக்கல்வி வகுப்பில் அரசியல் வேண்டாம். சரி சாமி. வரி வாங்காதது அரசியல் இல்லை, ஏன் வாங்கவில்லை என்று கேட்பது அரசியலா? இரண்டு கல்லறை ஆன்மீகம், ஒரு கல்லறை கேட்டால் அரசியலா?

இரண்டாவது. சாதி இந்தச் சமுதாயத்தின் நோய், திருச்சபையின் போதனை அல்ல. உண்மை. போதனையில் இல்லைதான். ஆனால் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறது? ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? தேர்ப் பாதையை எழுதிய தாளில் யார் கையெழுத்து? போதனை வானத்தில் இருக்கிறது, சாவி பங்குக் கோவிலில் இருக்கிறது. நான் சாவியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மூன்றாவது. அவசரப்பட்டால் கலவரம் வரும், எறையூரைப் பாருங்கள். பார்த்தோம். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் தலித்துகள் அல்ல, எதிர்ப்பக்கம். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். சாதி தன்னை நம்பியவனையும் விடாது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கலவரத்துக்குப் பயந்து யாருக்கு வகுப்பை நிறுத்துகிறீர்கள்? கல்லெறிகிறவன் தெருவில் வகுப்பு நடக்கட்டும் என்று விட்டுவிட்டு, கேள்வி கேட்டவன் தெருவில் நிறுத்துகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

நாலாவது. பள்ளிக்கூடம், விடுதி, வேலை எல்லாம் திருச்சபைதானே தந்தது? தந்தது. மறுக்க மாட்டேன். நான் படித்தது சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில். கஞ்சி ஊற்றிப் படிக்க வைத்தார்கள். அந்த நன்றி சாகிற வரைக்கும் இருக்கும். ஆனால் எழுத்தைக் கொடுத்தவர்கள் அதைக் கொண்டு எழுதக் கூடாது என்று சொல்ல முடியாது. பாமா 1992-ல் கருக்கு எழுதினார். கான்வென்டுக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து எழுதினார். நன்றி என்பது வாயை மூடிக்கொள்வது என்று இருந்திருந்தால் அந்தப் புத்தகம் நமக்குக் கிடைத்திருக்காது.

சாமியார் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தோழர் வழக்குப் போட்டார். 1985-ல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

இந்த வழக்குகளிலும் ஊர்வலங்களிலும் ஆயர்கள் நம்மோடு நிற்கிறார்கள். கறுப்புக்கொடி ஏற்றுகிறார்கள். நன்றி. ஆனால் டெல்லியில் நின்று என்ன சொல்கிறார்கள்? கிறிஸ்தவனாக மாறியும் தலித்துக்குத் தீண்டாமை போகவில்லை, ஆகவே உரிமை கொடு என்கிறார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று வெளியிட்ட கொள்கை அறிக்கையிலும் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். சரி. அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது? எங்க தெருவில் இருக்கிறது. எங்க கல்லறையில் இருக்கிறது. அதை எங்க தெருவிலேயே ஒரு கிழவி எடுத்துக் காட்டினால் வகுப்பை நிறுத்துகிறீர்கள். டெல்லியில் சாட்சி, பங்கில் அமைதிக் குலைவு! ஒரே உண்மை ரயில் ஏறினால் புனிதம், நடந்து வந்தால் பாவமா?

7

நான் கேட்பது பெரிய விசயமில்லை.

முதியோர் மறைக்கல்வி முதலில் ஊர்த் தெருவுக்கு வேண்டும். மந்திரம் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். தெரியாதது வேறு. எங்கப்பா காலத்தில் மந்திரம் ஒப்பிக்காதவனுக்கு ஓலை வாசிக்க மாட்டோம் என்று நிறுத்தி வைத்தீர்களே, அந்தக் கண்டிப்பு எங்கே போனது? பக்கத்துத் தெருச் சாவுக்குத் தூம்பா தர மறுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு தடவை ஓலையை நிறுத்திப் பாருங்கள். ஆறு வார வகுப்பு தேவைப்படாது, ஆறு நாளில் சக்கரம் சரியாகிவிடும்.

அன்பியத்தைத் தெரு வாரியாகப் பிரிப்பதை நிறுத்துங்கள். பட்டியலை மாற்றி எழுத நானே வருகிறேன். கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்து ஆறு வீட்டிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

வரி வாங்குங்கள். உலகத்தில் எந்த அரசாங்கத்திடமும் எந்தச் சனமும் இப்படிக் கெஞ்சியிருக்காது. எங்களிடம் வரி வாங்குங்கள், ரசீது கொடுங்கள்.

இன்னொன்று, நம்ம ஆட்களுக்கு. சாமியார் அனுமதி கொடுத்தால்தான் வகுப்பு என்று நாம் ஏன் நினைக்க வேண்டும்? புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வகுப்பை விடவில்லை. அதே புதன்கிழமை, அதே ஏழரை மணி. இப்போது வாய்க்கால் ஓரத்தில் அந்த அம்மா வீட்டு வாசலில் உட்காருகிறோம். முதல் நாள் அங்கே தேத்தண்ணி குடிக்க எங்க தெருவில் நாலு பேர் தயங்கினார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இன்னும் வருவதில்லை. மற்றவர்கள் குடித்தார்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். அதில் கேள்வி மட்டும் எழுதுகிறோம். கேட்டவர் பேரும் தேதியும் எழுதி, எழுதத் தெரிந்தவர் கையெழுத்து, தெரியாதவர் கைநாட்டு. பதில் எழுத வலது பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். இதுவரை முப்பத்தொரு கேள்வி ஆகியிருக்கிறது. பேரவைக் கூட்டம் ஒவ்வொன்றிலும் நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வைக்கிறேன். வாசிக்கிறேன். நாற்காலியைப் பிடுங்குகிற வரைக்கும் வைப்பேன்.

முதல் கேள்வி பெரியம்மாவுடையது. அந்த ஐந்நூறு ரூபாய்த் தாளையும் ஒரு கவரில் போட்டு அந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். போன திருவிழாவுக்கும் வாங்கவில்லை. வருகிற திருவிழாவுக்குக் கொடி ஏற்றுகிற அன்றைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போகிறேன். ரசீது போடுகிறவர் முன்னால் அவர் நிற்பார். கேள்வியை அவரே கேட்பார். பதிலை அவர்கள் சொல்லட்டும்.